14 வருடம், 400 விமானங்கள்: பயணிகளுக்கும் ஊழியர்களுக்கும் நடக்கும் சண்டைகளைப் பக்கத்திலிருந்து பார்த்த அனுபவம்

இயந்திரங்களைப் பொருத்திக் கொடுப்பது என் வேலை. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது விமானம் ஏறிவிடுவேன். 14 வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. 400 பயணங்களைத் தாண்டியிருக்கும். எந்த விமானத்தில் கால் நீட்டலாம், எதில் லக்கேஜ் சீக்கிரம் வரும் என்றெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது பயணிகளுக்கும் விமான ஊழியர்களுக்கும் இடையில் நடக்கும் உரசலைப் பற்றி. என் கண் முன்னால் அதிகம் மாறிப்போனது அதுதான். ஆரம்பத்தில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வாய்த்தகராறு பார்ப்பேன். இப்போது மாதம் ஒன்று தவறாமல் பார்க்கிறேன்.

இது என் கண்ணுக்கு மட்டும் பட்டதில்லை. சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா கொடுத்த கணக்கில், 2021-ல் 835 விமானப் பயணங்களுக்கு ஒரு பயணித் தகராறு என்று இருந்தது, 2022-ல் 568-க்கு ஒன்று, 2023-ல் 480-க்கு ஒன்று என்று ஆகிவிட்டது. அமெரிக்காவில் முகக்கவசம் கட்டாயமாக இருந்த 2021-ல் மட்டும் ஏறக்குறைய 6,000 புகார்கள் பதிவாகின. அவற்றில் 4,000-க்கு மேல் முகக்கவசத் தகராறு. அந்த விதியை எடுத்த பிறகும் எண்ணிக்கை கோவிட்டுக்கு முந்தைய அளவுக்கு இறங்கவில்லை.

முதலில் நானே போட்ட சண்டையைச் சொல்லிவிடுகிறேன்.

பறக்க ஆரம்பித்து ஐந்தாறு வருடம் இருக்கும். விமானம் ஏறும் கேட்டில் என் கைப்பெட்டியை அளவு பார்க்கும் கூண்டில் வைக்கச் சொன்னார் ஒரு ஊழியர். சக்கரம் உள்ளே போகவில்லை. கீழே லக்கேஜில் போட வேண்டும் என்றார். "போன வாரம் இதே பெட்டியோடுதானே வந்தேன்?" என்று ஆரம்பித்தேன். அவர் நிதானமாக, "சார், உள்ளே பவர் பேங்க், லேப்டாப் இருந்தா எடுத்துக் கையில வச்சுக்கங்க" என்றார். பெட்டியையும் வாங்கிக்கொள்கிறார், இத்தனை பேர் முன்னால் அதைத் திறக்கவும் சொல்கிறார் என்று எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சத்தம் போட்டேன். பின்னால் நின்ற ஒரு பெரியம்மா, "தம்பி, அந்தப் பொண்ணு அவ வேலையைத்தானே செய்றா" என்று சொன்ன பிறகுதான் வாயை மூடினேன்.

அவர் அப்படிச் சொன்னதன் அர்த்தம் எனக்குப் பல மாதம் கழித்துத்தான் புரிந்தது. லித்தியம் பேட்டரி பழுதாகிச் சூடேற ஆரம்பித்தால் அந்தச் சூடே அடுத்த செல்லையும் கொளுத்திவிடும். பயணிகள் உட்காரும் கேபினில் நடந்தால் ஊழியர்கள் பார்த்துவிடுவார்கள். தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள். கீழே சரக்கறையில் நடந்தால் பறக்கும்போது எந்த மனிதரும் அங்கே போக முடியாது. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படும் முன்பே எரிந்தது. தலைக்கு மேலே உள்ள லக்கேஜ் பெட்டியில் தொடங்கிய தீ அது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. உள்ளே இருந்த 176 பேரும் தப்பித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது கேட்டில் நின்ற அந்தப் பெண்ணின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அவர் சொன்னது பாதுகாப்புக்காக. நான் அதை அவமானமாக எடுத்துக்கொண்டேன்.

இத்தனை வருடத்தில் நான் பார்த்த பெரும்பாலான சண்டைகளுக்கு வேர் இதுதான் என்று நினைக்கிறேன். விமானத்துக்குள் நம்மைக் கவனிக்கும் ஊழியர்களான கேபின் க்ரூவுக்கு இரண்டு வேலைகள். ஒன்று உபசரிப்பு. இன்னொன்று பாதுகாப்பு, சட்டம் அவர்களை அங்கே நிறுத்துவதே இதற்காகத்தான். பல நாடுகளில் 50 இருக்கைக்கு ஒரு க்ரூ என்று விதி வைத்திருப்பது தேநீர் ஊற்றுவதைக் கணக்குப் போட்டு இல்லை. பெரிய பயணிகள் விமானத்துக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால், பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிக்குள் அத்தனை பேரையும் வெளியேற்ற முடியும் என்று காட்ட வேண்டும். ஆனால் விளம்பரங்களில் நமக்குக் காட்டுவது புன்னகையையும் தட்டையும் மட்டும்தான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த அதே ஆள் ஐந்து நிமிடம் கழித்து "இருக்கையை நேராக்குங்க" என்று சொன்னால், நம் காதில் அது ஒரு சேவகர் நம்மை அதட்டுவதாக விழுகிறது.

ஜன்னல் மறைப்பைத் திறக்கச் சொல்வதற்குக் காரணம், ஏதாவது ஆனால் வெளியே எந்தப் பக்கம் தீ எரிகிறது என்று பார்த்துத்தான் எந்தக் கதவைத் திறப்பது என்று முடிவெடுக்க வேண்டும். சாய்ந்த இருக்கை பின்னால் இருப்பவரின் வழியை அடைக்கும். காலடியில் கிடக்கும் பை இருட்டிலும் புகையிலும் தடுக்கிவிடும். இதையெல்லாம் டிக்கெட்டோடு சேர்த்து ஒருவரும் நமக்குச் சொல்வதில்லை. "விதி" என்று மட்டும் சொல்கிறார்கள். காரணம் தெரியாத விதியை யாருக்கும் பிடிக்காது.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் நடந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ350 தரையிறங்கும்போது ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின் மேல் மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். எட்டுக் கதவுகளில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. க்ரூ மெகாஃபோனிலும் வாய்விட்டுக் கத்தியும் ஆட்களை நகர்த்தினார்கள். பயணிகள் பெட்டிகளை விட்டுவிட்டு இறங்கினார்கள். ஆனால் 2016 ஆகஸ்டில் துபாயில் எமிரேட்ஸ் விமானம் தரையில் மோதி எரிந்தபோது, புகைக்கு நடுவே சிலர் மேலே இருந்து பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காணொளி இன்றும் இருக்கிறது. நல்லவேளை, அதிலும் 300 பேரும் பிழைத்தார்கள். தீயை அணைக்க வந்த ஒரு வீரர் உயிர்விட்டார். க்ரூ சொன்னதும் கேட்பதா, என் சாமான் என்ன ஆவது என்று நிற்பதா என்பதை நாம் அந்தக் கணத்தில் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது. சாதாரண நாட்களில் சீட் பெல்ட் விஷயத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோமோ, அப்படித்தான் அன்றைக்கும் நடந்துகொள்வோம்.

பயணிகளை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. கோபத்தை உற்பத்தி செய்யும் இடம் கேபினுக்கு வெளியே, நிறுவனத்தின் திட்டமிடும் அறையில் இருக்கிறது. ஒருமுறை பார்த்தேன். தாயும் ஆறேழு வயதுப் பையனும் வேறு வேறு வரிசையில். இருக்கை தேர்வுக்குத் தனிக் கட்டணம், அவர் கட்டவில்லை. பையனின் பக்கத்து ஜன்னல் இருக்கைக்காரர் கட்டணம் கட்டி அந்த இடத்தை வாங்கியவர். அவர் நகர மறுத்தார். அவர் மேல் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், காசு கொடுத்திருக்கிறார். அந்த அம்மாள் மேலும் தப்பில்லை. நடுவில் ஒரு இளம் க்ரூ, ஒவ்வொரு வரிசையாகப் போய்க் கெஞ்சிக்கொண்டிருந்தார். நாலு பேர் அவரைத் திட்டினார்கள். சிக்கலை உண்டாக்கியவர்கள் யாரும் அந்த விமானத்தில் இல்லை.

முழங்கால் இடிக்கிற பிரச்சினையும் அப்படியே. வரிசைகளுக்கு இடையே ஒரு காலத்தில் 35 அங்குலம் வரை இருந்த இடைவெளி இன்று பல விமானங்களில் 30 அங்குலத்தைச் சுற்றி வந்துவிட்டது, சிலவற்றில் 28. முன்னால் இருப்பவருக்குச் சாயும் உரிமை உண்டு, பின்னால் இருப்பவருக்குக் கால் உண்டு. இரண்டையும் ஒரே இடத்துக்குள் வைத்தால் சண்டை வராமல் எப்படி இருக்கும்? 2016-ல் வெளியான ஒரு ஆய்வு, முதல் வகுப்பு உள்ள விமானங்களில் எகானமி வகுப்பில் தகராறு நடக்கும் வாய்ப்பு 3.84 மடங்கு அதிகம் என்றது. அதன் கணக்கு முறையை விமர்சித்தவர்களும் உண்டு. ஆனால் அகலமான இருக்கைகளைக் கடந்து உள்ளே நடக்கும்போது எனக்குள்ளே ஏறும் கடுப்பை நானே உணர்ந்திருக்கிறேன், அதனால் அந்த எண்ணை என்னால் ஒதுக்க முடியவில்லை.

தாமதம்தான் எல்லாவற்றிலும் மோசம். ஒரு இரவு நாலு மணி நேரம் கேட்டில் காத்திருந்தோம். கவுன்டரில் ஒரே ஒரு பெண், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். அவரைச் சுற்றி முப்பது நாற்பது பேர். பாதிப் பேர் கையில் போன், வீடியோ ஓடுகிறது. "எப்ப கிளம்பும்? சொல்ல முடியுமா முடியாதா?" அவருக்கே தெரியவில்லை. பைலட்டின் பணி நேர வரம்பு முடிந்துவிட்டது, வேறு ஆள் வர வேண்டும் என்பது எங்களுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. களைத்துப்போன பைலட்டை ஓட்ட விடாத விதி அது. எங்கள் உயிருக்காக இருக்கும் விதி. அதை முதல் மணி நேரத்திலேயே மைக்கில் சொல்லியிருந்தால் பாதிக் கூட்டம் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் வயதான ஒரு அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "குடி கண்ணு. நீ என்ன பண்ணுவ." அந்தப் பெண் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீடியோ எடுத்தவர்களில் சிலர் போனை இறக்கினார்கள்.

ஊழியர்கள் பக்கமும் தப்பு உண்டு, அதை மறைக்க முடியாது. ஒரு நிறுவனத்தின் விமானத்தில், பக்கத்தில் இருந்த முதியவர் தன் இருக்கைத் திரை வேலை செய்யவில்லை என்று இரண்டாவது தடவை சொன்னதற்கு, "இறக்கி விட்டுடுவோம்" என்று மிரட்டினார் ஒரு க்ரூ. பயணியை இறக்கிவிடும், அதாவது ஆஃப்லோட் செய்யும் அதிகாரம் பாதுகாப்புக்காகக் கொடுக்கப்பட்டது. எரிச்சலைத் தீர்த்துக்கொள்ள அதை எடுத்தால், நாளைக்கு உண்மையிலேயே தேவைப்படும்போது யாரும் மதிக்க மாட்டார்கள். 2017 ஏப்ரல் 9 அன்று சிகாகோவில் யுனைட்டெட் எக்ஸ்பிரஸ் விமானத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் நாலு பேருக்கு இடம் வேண்டும் என்று, காசு கொடுத்து உட்கார்ந்திருந்த ஒரு பயணியைப் பாதுகாவலர்கள் முகத்தில் ரத்தத்தோடு இழுத்துப் போனார்கள். போர்டிங் பாஸை வாங்கி உள்ளே விட்ட பயணியை இப்படி விருப்பத்துக்கு மாறாக வெளியேற்றக் கூடாது என்று 2018-ல் அமெரிக்காவில் சட்டமே வந்தது. அன்று கேபினில் இருந்தவர்கள் வீடியோ எடுத்ததால்தான் அது வெளியே வந்தது. அதனால் வீடியோவே கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன்.

குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவர்கள் விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டு கருத்து இல்லை. கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலை உயரத்துக்குச் சமம், காற்று வறண்டது, ஆக்சிஜன் குறைவு. கீழே தாங்கும் அளவு மேலே ஆளைச் சாய்த்துவிடலாம். க்ரூ கொடுக்காத மதுவைக் கொண்டுவந்து குடிப்பது விதிமீறல் என்று தெரிந்தும் பையிலிருந்து எடுத்து ஊற்றிக்கொண்ட ஒருவரை ஒரு நீண்ட பயணத்தில் பார்த்தேன். பாட்டிலைக் கேட்ட க்ரூவின் கையைத் தட்டிவிட்டார். கடைசியில் இரண்டு பேர் சேர்ந்து அவரைப் பட்டையால் கட்டி உட்கார வைத்தார்கள். விமானத்தின் கேப்டனுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது 1963-ல் கையெழுத்தான டோக்கியோ ஒப்பந்தம். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டுக்குத்தான் விசாரிக்கும் உரிமை முதன்மையாக இருந்தது. வேறு நாட்டில் இறங்கியவர் பல நேரம் சும்மா நடந்து போய்விடுவார். இறங்கும் நாடும் வழக்குப் போட வழி செய்யும் மாண்ட்ரியல் நெறிமுறை 2014-ல் எழுதப்பட்டு, 2020 ஜனவரி 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதையும் எல்லா நாடுகளும் ஏற்கவில்லை.

இப்போது நான் என்ன மாற்றிக்கொண்டேன் என்றால், பேட்டரிகளைத் தனிச் சிறு பையில் வைத்துக்கொள்கிறேன், கேட்டில் பெட்டி போனாலும் அது கையில் இருக்கும். சாய்வதற்கு முன் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கிறேன். இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை. மறுத்தால் அப்புறம் பார்க்கலாம். புகார் இருந்தால் க்ரூவிடம் சத்தம் போடாமல் நிறுவனத்துக்கு எழுதுகிறேன். எந்த முடிவு பிரச்சினையை உண்டாக்கியது என்பதைக் குறித்தும், உதவிய ஊழியரின் பெயரைப் பாராட்டியும் எழுதுகிறேன். பதில் சில தடவைதான் வந்திருக்கிறது.

போன மாதம், தரையிறங்கும் நேரத்தில் பக்கத்து இருக்கைக்காரர் லேப்டாப்பை மூட மறுத்தார். "ரெண்டு நிமிஷம்தானே, மெயில் அனுப்பிட்டு மூடறேன்" என்று குரல் ஏறியது. அந்த க்ரூ குனிந்து, "சார், பலமா பிரேக் போட்டா இது கையில நிக்காது. முன்னாடி அந்தக் குழந்தை இருக்கு பாருங்க" என்றார். பக்கத்து இருக்கைக்காரர் முன் இருக்கையின் இடைவெளியில் எட்டிப் பார்த்தார். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.