கொழுப்பை மட்டும் உறிஞ்சுவதா, சுரப்பியையும் எடுப்பதா?

ஆண்களின் மார்பு வீக்கத்துக்கு (கைனகோமாஸ்டியா) அறுவை சிகிச்சை என்று முடிவானதும் இரண்டு வழிகள் முன்னால் வரும். ஒன்று, லிப்போசக்ஷன் (கொழுப்பை உறிஞ்சி எடுப்பது) மட்டும். மற்றது, அதோடு மார்புச் சுரப்பியையும் வெட்டி எடுப்பது. முதலாவதில் தழும்பு சிறியது, ஓய்வும் குறைவு. அதெல்லாம் தெரிந்த கதை. ஆனாலும் விரலுக்குச் சுரப்பி தட்டுப்படுகிறது என்றால் இரண்டாவது வழிதான் சரி.

தட்டுப்படுகிறதா என்று பார்க்க மல்லாந்து படுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு ஓரங்களில் வைத்து, காம்பை நோக்கி மெல்ல நெருக்க வேண்டும். காம்புக்கு நேர் கீழே ரப்பர் போன்ற வட்டத் தகடு தடுத்தால் அது சுரப்பி. தடையே இல்லாமல் விரல்கள் காம்புவரை வந்துவிட்டால் வெறும் கொழுப்பு. அப்படிப்பட்டவருக்கு லிப்போசக்ஷன் போதும். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

லிப்போசக்ஷனில் சில மில்லிமீட்டர் துளை வழியாக மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்த நீரைச் செலுத்தி, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சுவார்கள். கொழுப்பு இளகி வந்துவிடும். நார் பாய்ந்த சுரப்பி சாதாரணக் குழாய்க்கு அசையாது. சிகிச்சை வீக்கம் வடிந்ததும் மார்பு தட்டையாகத் தெரியும், காம்பு மட்டும் புடைத்து நிற்கும். அதைச் சரிசெய்யத் திரும்பவும் கத்தி வைக்க வேண்டும். அப்போது உள்ளே தழும்பு இறுகியிருக்கும், திசுக்களைப் பிரிப்பது கடினம். இரண்டு முறை மயக்கம், இரண்டு முறை ஓய்வு. முதல் தடவையே சுரப்பியை எடுக்கச் சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

சுரப்பியை எடுக்க, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாகக் கீறுவார்கள். நிறம் மாறும் கோட்டிலேயே தழும்பு விழுவதால் பெரும்பாலும் கண்ணில் படாது. இதில் கைத்திறன் தேவைப்படுவது வேறிடத்தில். காம்புக்கு அடியில் சுமார் 1 செ.மீ. தடிமனுக்குத் திசுவை விட்டுவைக்க வேண்டும். முழுக்கச் சுரண்டினால் காம்பு கிண்ணம்போல் உள்வாங்கிவிடும், அதன் ரத்த ஓட்டமும் கெடலாம். அதிகம் விட்டால் புடைப்பு மீளும். ஓரங்களை லிப்போசக்ஷனால் சரிவாக்காவிட்டால் படிக்கட்டுபோல் தெரியும். எவ்வளவு விடுவீர்கள், ஓரங்களை எப்படி இழைப்பீர்கள் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

ரத்தக்கட்டு இந்த வழியில்தான் அதிகம். முதல் நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று விம்மி வலித்தால் காத்திருக்கக் கூடாது, உடனே காட்ட வேண்டும். இறுக்க உடுப்பை 4 முதல் 6 வாரம் அணிய வேண்டியிருக்கும். எடுத்த திசுவைக் கட்டாயம் நோய்க்கூறு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். தோல் மிகவும் தொய்ந்திருந்தால் இந்த இரண்டு வழியும் போதாது, தோலையும் குறைக்க வேண்டும்.

கத்திக்கு முன் காரணம் தேட வேண்டும். பருவ வயதில் வருவது பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 ஆண்டுக்குள் தானே அடங்கும். ஸ்பைரனோலாக்டோன் (சிறுநீர் பிரிக்கும் மாத்திரை), ஃபினாஸ்டரைடு (முடி உதிர்வு, புரோஸ்டேட் மருந்து), ரிஸ்பெரிடோன் (மனநல மருந்து), தசை வளர்க்கும் ஸ்டீராய்டு எல்லாம் இதைக் கிளப்பும். விதைப்பையையும் சோதிக்க வேண்டும், அங்குள்ள கட்டியும் காரணமாகலாம். தொடக்கத்தில், வலி இருக்கும்போது, மருத்துவர் மேற்பார்வையில் டமாக்சிஃபென் (மார்பில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை) சிலருக்கு நல்ல பலன் தரும். அதற்கான ஆய்வுகள் சிறியவை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஓராண்டு கடந்து சுரப்பி நாராகிவிட்டால் நம்பிக்கை குறைவு. ரத்தம் உறையும் அபாயம் உள்ள மாத்திரை இது, தானாக வாங்கிப் போடக் கூடாது.

காம்புக்கு நேர் கீழே இல்லாமல் ஒதுங்கி நிற்கும் கெட்டிக் கட்டி, காம்பில் ரத்தக் கசிவு, தோல் உள்ளிழுப்பு, அக்குளில் நெறி: இவற்றில் ஒன்று இருந்தாலும் அழகுக்கான சிகிச்சைப் பேச்சை நிறுத்திவிட்டு மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) ஊசிவழித் திசுச் சோதனையும் செய்ய வேண்டும். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், அரிதென்றாலும்.