‘எனக்குப் பசிக்கிறது’ பற்றிய கட்டுரைகள் எங்கே கிடக்கின்றன? மொழியியல் தேடுகருவிகள், நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

‘எனக்குப் பசிக்கிறது’ என்பதில் எழுவாய் எது? நான்காம் வேற்றுமை ஏற்ற ‘எனக்கு’ எழுவாயா இல்லையா என்பது திராவிட மொழியியலில் பழைய வழக்கு. இதைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தாலே ஒவ்வொரு கருவியின் லட்சணமும் தெரிந்துவிடும்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுபொறியான கூகுள் ஸ்காலரில் ‘டேட்டிவ் சப்ஜெக்ட்’ (நான்காம் வேற்றுமை எழுவாய்) என்று ஆங்கிலத்தில் மேற்கோள்குறிக்குள் இட்டு, கூடவே தமிழ் என்று சேர்த்தால் ஒரு குவியல் வரும். இவ்வளவுதான் என்று அங்கேயே நின்றால் பாதி போச்சு. 1990-இல் வர்மாவும் மோகனனும் தொகுத்த நூலின் தலைப்பில் அதே சங்கதி ‘எக்ஸ்பீரியன்சர் சப்ஜெக்ட்’. 2004-இல் பாஸ்கரராவும் சுப்பாராவும் தொகுத்த இரண்டு தொகுதிகளில் ‘நான்-நாமினேட்டிவ் சப்ஜெக்ட்’. ஐஸ்லாந்திய மொழியை ஆய்பவர்களுக்கு அது ‘க்விர்க்கி சப்ஜெக்ட்’. ஒவ்வொரு சிந்தனைப் பள்ளிக்கும் ஒரு பெயர். ஆகவே தேடுமுன் ஒரே நிகழ்வுக்கான நான்கைந்து கலைச்சொற்களைத் தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் மேற்கோள்குறிக்குள் வைத்து, இடையில் ‘அல்லது’ எனப் பொருள்படும் ‘ஆர்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். சின்ன எழுத்தில் போட்டால் வேலைக்காகாது.

மொழிப் பெயர்களிலும் இதே தொல்லை. குரூக் மொழிக்குப் பழைய நூல்களில் ஒராவோன், கன்னடத்துக்குக் கானரீஸ், குயி பேசுபவர்கள் கோந்த். ஆசிரியர் பெயர் இன்னும் மோசம். மொழியியல் அறிஞர் அகத்தியலிங்கத்தின் ஆங்கில நூல்களில் அவர் பெயர் ‘அகெஸ்தியலிங்கோம்’ என்று வாசிக்கும்படிதான் அச்சாகியிருக்கும். வ.ஐ. சுப்பிரமணியம் ‘சுப்ரமோனியம்’. நாமாக ஊகித்த எழுத்துக்கூட்டலில் ஆசிரியர் தேடலைப் போட்டுவிட்டு, ‘ஒன்றுமே இல்லையே’ என்று கைவிட்டவர்கள் எத்தனை பேரோ.

ஸ்காலரின் உண்மையான பலம் சொல் தேடலில் இல்லை, மேற்கோள் தொடர்ச்சியில் இருக்கிறது. நல்லதாக ஒரு கட்டுரை கையில் சிக்கியதும் அதன் கீழே உள்ள ‘சைட்டட் பை’யைச் சொடுக்கி, மேலே வரும் ‘மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் தேடு’ கட்டத்தில் டிக் அடித்து, பிறகு ‘தமிழ்’ அல்லது ‘மலையாளம்’ என்று தேடுங்கள். ஆயிரம் தலைப்பு நாற்பதாகச் சுருங்கும். எப்படியும் ஒரு தேடலுக்கு 1000 முடிவுக்கு மேல் ஸ்காலர் காட்டாது என்பதால், சுருக்கித் தேடுவதுதான் ஒரே வழி. அதன் பெரிய ஓட்டை தொகுப்பு நூல்கள். மொழியியலில் பாதிச் சரக்கு மணிவிழா மலர்களிலும் கருத்தரங்கத் தொகுப்புகளிலும் கிடக்கிறது. ஸ்காலரோ பல சமயம் நூலை மட்டும் ஒரு பதிவாகக் காட்டி, உள்ளே உள்ள இயல்களை விழுங்கிவிடும். நூலின் பொருளடக்கப் பக்கத்தைப் பதிப்பகத் தளத்தில் திறந்து பார்ப்பதைத் தவிர இதற்கு மாற்று கிடையாது.

ஒரு மொழியைப் பற்றி இலக்கணம், அகராதி, குறிப்பு என என்னவெல்லாம் உண்டு என்று அறிய வேண்டுமானால் ஸ்காலரை மூடிவிட்டு கிளாட்டோலாக் என்ற தளத்துக்குப் போக வேண்டும். ஜெர்மனியின் லைப்சிக்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் நடத்துவது, இலவசம். இருளம், தோடம், கோத்தம் போன்ற மொழிகளுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஒரே எச்சரிக்கை: சில பதிவுகளில் ‘கணினி ஒதுக்கீடு’ என்று ஆங்கிலத்தில் குறிப்பு இருக்கும். தலைப்பைப் பார்த்து இயந்திரம் ஒட்டிய முத்திரை அது. இலக்கணம் என்று போட்டிருப்பது திறந்தால் வேறு எதுவாகவோ இருக்கலாம்.

தொடரியல், ஒலியனியல் கோட்பாட்டுக்காரர்களுக்கு லிங்பஸ் என்ற கட்டுரைத் தளம் போதும். ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் முன்பதிப்பு, அதாவது அச்சுக்கு முந்தைய வடிவம். எடுத்துக்காட்டு வாக்கியங்களின் எண்கள் அச்சில் மாறிவிடும். எனவே (17) என்று மேற்கோள் காட்டுமுன் வெளியான வடிவத்தோடு ஒப்பிட வேண்டும்.

சோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் உள்ளன. பொறுமையைச் சோதிக்கும் தளம், ஆனால் தவிர்க்கவும் முடியாது. ஆய்வேடு துண்டு துண்டாக இருக்கும்: முகப்பு ஒரு பிடிஎஃப், சான்றிதழ் ஒன்று, ஒவ்வோர் இயலும் ஒன்று. முதல் இயலிலிருந்து தொடங்காமல், கடைசியில் இருக்கும் துணைநூற்பட்டியல் கோப்பை முதலில் இறக்குங்கள். ஸ்காலர் கண்ணில் படாத உள்ளூர் இதழ்க் கட்டுரைகளும் கருத்தரங்கக் கோவைகளும் அதில்தான் அகப்படும். தமிழில் எழுதிய பழைய ஆய்வேடுகள் பல ஸ்கேன் படங்கள், அல்லது யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சானவை. உள்ளே சொல் தேட முடியாது, நகலெடுத்தால் குப்பை எழுத்துதான் வரும். அதனால் குறிச்சொல்லை நம்பாமல், பல்கலைக்கழகம், பிறகு மொழியியல் துறை என்று இறங்கித் தலைப்புகளை மேய்வதே விரைவு.

ஸ்கேன் கட்டுரைகளில் இன்னொரு பொறி உண்டு. ள, ற, ழ ஒலிகளுக்கு அடியில் புள்ளியும் கோடும் இட்ட ரோமன் எழுத்தை எழுத்துணரி மென்பொருள் ஆச்சரியக்குறியாகவோ வெறும் ‘எல்’ ஆகவோ படித்துவிடும். ‘பள்ளி’யைத் தேடாமல், அதற்கு ஆசிரியர் தந்திருக்கும் ஆங்கிலப் பொருளைத் தேடினால் சிக்கும்.

காசு விஷயம். ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. ஆனால் அது இதழ்களுக்கான சந்தா; மேலே சொன்ன தொகுப்பு நூல் பள்ளத்தை அது நிரப்பாது. நிறுவனச் சார்பற்றவர்கள் ஜேஸ்டோர் என்ற இணைய இதழ்க் காப்பகத்தில் சொந்தக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை திரையில் வாசிக்கலாம், இறக்க முடியாது. அன்பேவால் நீட்சியை உலாவியில் போட்டுவைத்தால் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் படி இருக்கும்போது பச்சைப் பூட்டு தெரியும். லாங்குவேஜ் சயன்ஸ் பிரஸ் பதிப்பக நூல்களும் கிளாசா என்ற மொழியியல் இதழும் முழுக்க இலவசம். எதுவும் கைகொடுக்காவிட்டால் ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பலாம். பக்க எண்ணோடு கேட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

ஏஐ அரட்டைக் கருவியிடம் கலைச்சொற்களின் மாற்றுப் பெயர்களைக் கேட்கலாம், அதற்கு நல்ல துணை. கட்டுரைப் பட்டியல் கேட்டால் இருக்கும் ஆசிரியர், இருக்கும் இதழ், இல்லாத கட்டுரை என்று கலந்து தரும். தரும் டிஓஐ எண்ணை (கட்டுரைக்குரிய நிரந்தர அடையாள எண்) ஒவ்வொன்றாக டிஓஐ தளத்தில் இட்டுப் பாருங்கள். திறந்தாலும் தலைப்பு அதேதானா என்று பார்க்க வேண்டும், வேறு துறைக் கட்டுரைக்குக் கொண்டுபோய் விடுவதும் உண்டு.

கட்டுரைகளையும் நூற்குறிப்புகளையும் சேமிக்க ஸோடெரோ என்ற மென்பொருள். இலவச இடம் 300 எம்பிதான். ஸ்கேன் பிடிஎஃப் பத்துப் பதினைந்திலேயே நிரம்பிவிடலாம். கோப்புகளை வட்டில் வைத்து இணைப்பு மட்டும் கொடுத்துவிடுங்கள். தென்னிந்தியப் பெயர்களைத் தானாக இழுக்கும்போது தலைப்பெழுத்தைக் குடும்பப் பெயராகப் போட்டுவிடும். அன்றே திருத்தாவிட்டால் துணைநூற்பட்டியலில் ‘கே’ என்று ஒரு ஆசிரியர் முளைத்து நிற்பார்.