தொழிற்கல்வி: ஜெர்மனி வழியா, சிங்கப்பூர் வழியா?

படிப்புக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்று பேச்சு வந்தால் உடனே ஜெர்மனியைக் கைகாட்டுவார்கள். நியாயம்தான். அங்கே தொழில் பழக வருகிறவர் முதலில் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். வாரத்தில் மூன்று நான்கு நாள் பட்டறையிலோ வங்கியிலோ வேலை, மிச்ச நாள் தொழிற்பள்ளி, மாதாமாதம் உதவித்தொகை, இப்படியே இரண்டு முதல் மூன்றரை வருஷம். தேர்வு வைப்பது, நிறுவனங்கள் உறுப்பினராக இருக்கும் தொழில் வணிகச் சபைகள். எந்தத் தொழிலில் எத்தனை பேருக்கு இடம் என்பது ஆள் எடுக்கும் நிறுவனங்களின் கையில் இருப்பதால், வேலையே இல்லாத படிப்பில் கூட்டம் சேர்வது குறைவு. ஆனால் பொருளாதாரம் படுத்தால் பயிற்சி இடங்களும் கூடவே குறையும்.

சரி, பயிற்சி கொடுக்கிற அளவுக்கு நிறுவனங்களே இல்லாத நாடு என்ன செய்யும்? 1965-ல் தனி நாடான சிங்கப்பூரின் நிலை அதுதான். அதனால் அங்கே அரசே முன்னால் நின்றது. பொருளியல் வளர்ச்சிக் கழகம் வெளிநாட்டு நிறுவனங்களோடு கைகோத்துப் பயிற்சி மையங்களைத் தொடங்கியது: 1972-ல் நம் டாடா, அப்புறம் ஜெர்மனியின் ரோலை, பிலிப்ஸ். இதில் ஆபத்து, அரசின் கணிப்பு தப்பலாம் என்பது. கேமரா செய்த ரோலை 1981-ல் சிங்கப்பூர் ஆலையை மூடிவிட்டது. ஆனாலும் நுண்கருவி வேலை பழகிய கைகள் இன்னொரு ஆலைக்கும் உதவும், கற்றது வீணாகவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது 1992-ல் வந்த தொழில்நுட்பக் கல்விக் கழகம். பத்து வருஷப் பொதுப்படிப்பை முடித்த பிறகே அங்கே தொழிற்கல்வி என்று வைத்தார்கள். தோற்றவர்கள் போகும் இடம் என்ற கேலி ரொம்ப நாள் இருந்தது. அதை மாற்றப் பெரிய வளாகங்களும் நல்ல கருவிகளும் கொண்டுவந்து பணத்தைக் கொட்டினார்கள். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களிலோ நான்காம் வகுப்பு முடிந்ததுமே பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளுக்குப் பிரிக்கிறார்கள், பத்து வயதில்! சிங்கப்பூரும் கல்வி பற்றிய 1979 அரசு அறிக்கைக்குப் பிறகு பிள்ளைகளைத் தரம் பிரித்த நாடுதான், ஆனால் 2024 முதல் உயர்நிலைப் பள்ளியில் அதைக் கைவிடத் தொடங்கிவிட்டது.

தொழில் வணிகச் சபைகள் வலுவாக இல்லாத நாடு சிங்கப்பூர் வழியில் தொடங்குவதே நல்லது என்பேன். பழகும்போதே சம்பளம் என்ற ஜெர்மனி ஏற்பாட்டை மட்டும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஏழை வீட்டுப் பிள்ளை பாதியில் நின்றுவிடும்.