ஒன்றரை லட்சம் ரூபாய் டோக்கன் (முன்பணம்) கொடுத்துவிட்டு நிற்கிறேன் – மனை வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. எழுத்து தாறுமாறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு, மனை விளம்பரம் போடும் ஓர் இணையதளத்தில்தான் அந்தத் தரகரைப் பிடித்தேன். செங்கல்பட்டைத் தாண்டி ஒரு லேஅவுட், மனை 16 லட்சம். நோட்டீஸில் கொட்டை எழுத்தில் ரெரா எண், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டத்தைப் பதிவு செய்த எண். அதைப் பார்த்ததுமே பாதி நம்பிவிட்டேன். மீதியை அவர் சம்பாதித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலுக்கே கார் கொண்டுவந்தார். முட்டி வலியோடு வந்த அப்பாவைக் கைபிடித்து வரப்பு தாண்ட வைத்தார். டேப் பிடித்து அளந்து காட்டி, "அப்பா, இந்த மூலையில போர் போட்டுக்கலாம்" என்றார். அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் போனது ஒன்றரை லட்சம்.

யூபிஐயில் அன்றைக்கு ஒரு லட்சம்தான் போனது. மீதி ஐம்பதாயிரத்தை மறுநாள் காலை ஏழு மணிக்கே ஞாபகப்படுத்தி வாங்கினார். எல்லாம் அவருடைய சொந்தக் கணக்குக்கு. அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா எனக்கு?

வங்கிக் கடனுக்குப் போனபோதுதான் குட்டு உடைந்தது. அந்த எண் லேஅவுட்டின் முதல் கட்டத்துக்கு உரியது. எங்களுக்குக் காட்டியது பக்கத்து நிலம். 'இரண்டாம் கட்ட'மாம், பதிவே ஆகவில்லை. தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் முகவர் பட்டியலைத் தேடினேன். தரகர் பெயரும் இல்லை.

கேட்டால், "அப்ளை பண்ணியாச்சு சார், நம்பர் வந்துடும்." மறுநாள், "பணத்தை கம்பெனியில கட்டிட்டேன், அவங்களைக் கேளுங்க." லேஅவுட் போட்ட கம்பெனியில் கேட்டால், "அவர் எங்க ஆளே இல்லையே." விளம்பரத் தளமோ, விளம்பரம் வெளியிடுவதோடு தங்கள் வேலை முடிந்தது என்று இரண்டு வரி மெயில் அனுப்பியது. கடைசியில் தரகர், "டோக்கன் திரும்ப வராது, ரசீதுக்குப் பின்னால போட்டிருக்கே" என்றார். போட்டுத்தான் இருக்கிறது, எறும்பு சைஸில்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், 2016ஆம் வருட ரெரா சட்டத்தில் எல்லாமே இருக்கிறது. பதிவில்லாத முகவர் ரெராவில் பதிவான திட்டங்களில் மனை விற்றுத்தரக் கூடாது. பதிவு பெற வேண்டிய திட்டம் பதிவாகாமல் இருந்தால், பதிவு பெற்ற முகவர்கூட அதை விற்றுத்தரக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், மனை விலையில் 5 சதவீதம் வரை அபராதம். ஆனால் அந்த அபராதம் அரசுக்குத்தான் போகும், என் கைக்கு வராது. இன்னொன்று கேளுங்கள். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் மனை விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று கட்டுமான நிறுவனங்களுக்கு விதி. 16 லட்சத்துக்கு அது 1,60,000. இவர் கேட்டது 1,50,000! சட்டம் தெரியாத ஆள் என்று நினைக்கிறீர்களா?

சரி, அவசரத்துக்கு இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. நோட்டீஸில் உள்ள எண்ணை ஆணையத்தின் தளத்தில் நீங்களே போட்டு, சர்வே எண்ணும் ஒத்துப்போகிறதா பாருங்கள். தரகரின் பதிவு எண்ணைத் தனியாகக் கேளுங்கள். தனிநபர் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ரசீதைத் திருப்பிப் பாருங்கள். பழைய வீட்டைக் கைமாற்றி விடும் தரகர்கள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை, அங்கே இன்னும் உஷார்.

ஆணையத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் அவரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. ரோஜாப்பூ படம் போட்டு, 'இனிய காலை வணக்கம்'.