எஸ்.டி.கே.யா, டெனெக்டெப்ளேஸா: ஊசி போடும் நர்ஸின் பக்கத்திலிருந்து

மாரடைப்பில் ரத்தக்கட்டியைக் கரைக்க நம் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பெரும்பாலும் கைக்கு வருபவை இரண்டு: எஸ்.டி.கே. என்று நாம் சொல்லும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டெப்ளேஸ். எது அதிக உயிரைக் காக்கிறது என்று மருத்துவர்கள் நிறையவே பேசிவிட்டார்கள். கொடுக்கிற நர்ஸுக்கு எதில் எங்கே கை தவறும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

எஸ்.டி.கே. 15 லட்சம் யூனிட்டை 100 மி.லி. நார்மல் சலைனில் கலந்து 30 முதல் 60 நிமிடத்துக்குள் ஏற்றுகிறோம். பம்ப் இல்லையென்றால், 20 சொட்டுக்கு 1 மி.லி. விழும் செட்டில் நிமிடத்துக்கு 33 சொட்டு வைத்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். இதில் ஆபத்து ஊசி குத்தும்போது இல்லை, அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. ஓட ஆரம்பித்த சில நிமிடங்களில் பிரஷர் சட்டென்று இறங்கலாம். அதனால் 5 நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். இறங்கினால் சொட்டைக் குறைத்தோ நிறுத்தியோ, கால்களை உயர்த்தி வைத்து டாக்டரைக் கூப்பிட வேண்டும். பிரஷர் தேறியதும் அவரைக் கேட்டு மீண்டும் மெதுவாக ஓட்ட வேண்டும். நெருக்கடியில் பலரும் தவறவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். சொட்டை நிறுத்தியது நினைவிருக்கும், திரும்பத் திறப்பது விட்டுப்போகும். பாதி மருந்து பாட்டிலிலேயே நின்றுவிடும்.

இன்னொன்று, இது பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் புரதம். ஒரு முறை போட்டால் உடம்பில் எதிர்ப்பொருள் உருவாகி ஆண்டுக்கணக்கில் தங்கும். முன்பு போட்டவருக்கு மறுபடி போடக் கூடாது. பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

டெனெக்டெப்ளேஸில் எல்லாமே தலைகீழ். 5 முதல் 10 விநாடியில் ஒரே தள்ளல், முடிந்தது. ஆனால் போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. எனவே கவனம் முழுவதும் அதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தில் இருக்க வேண்டும். அளவு எடையைப் பொறுத்தது: 60 கிலோவுக்குக் கீழே 30 மி.கி., பிறகு ஒவ்வொரு 10 கிலோவுக்கும் 5 மி.கி. கூடி, 90 கிலோவும் அதற்கு மேலும் 50 மி.கி. வலியில் துடிப்பவரை எடை மெஷினில் நிற்க வைக்க முடியாது. "எழுபது இருக்கும் சிஸ்டர்" என்று மனைவி சொல்வார். 68 என்றால் 35, 72 என்றால் 40. கடைசியாக எங்கே, எப்போது எடை பார்த்தார்கள் என்று கேளுங்கள். 75 வயதைத் தாண்டியவருக்குப் பாதி அளவா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். வயதானவர்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் பயம் அதிகம். இதே மருந்து ரத்தக்கட்டியால் வரும் பக்கவாதத்துக்கும் போகிறது, அங்கே அளவு 25 மி.கி.யைத் தாண்டாது. அதனால் எந்த நோய்க்கு என்று ஆர்டர் ஷீட்டில் இருக்கட்டும்.

டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் கரைசல், விஷயத்தில்தான் பழக்கம் நம்மை ஏமாற்றும். எஸ்.டி.கே.யை 5% டெக்ஸ்ட்ரோஸிலும் கலக்கலாம். டெனெக்டெப்ளேஸ் டெக்ஸ்ட்ரோஸில் பட்டால் படிந்துவிடும். ஏற்கெனவே டெக்ஸ்ட்ரோஸ் ஓடும் லைனை முன்னும் பின்னும் சலைனால் கழுவியே ஆக வேண்டும். இரண்டு மருந்தையும் கலக்கும்போது குலுக்கக் கூடாது, மெதுவாகச் சுழற்றிக் கலக்க வேண்டும்.

பலன்? 1993-இல் வந்த கஸ்டோ ஆய்வில் 41,021 பேர். டெனெக்டெப்ளேஸுக்கு முன்னோடியான ஆல்டெப்ளேஸ் கொடுத்த குழுவில் 30 நாள் இறப்பு 6.3%, ஸ்ட்ரெப்டோகைனேஸ் குழுக்களில் 7%-க்குச் சற்று மேல். 1999-இல் அசென்ட்-2 ஆய்வு, டெனெக்டெப்ளேஸ் ஆல்டெப்ளேஸுக்குச் சமம் என்று காட்டியது. விலை மட்டும் எஸ்.டி.கே.யைவிடப் பல மடங்கு.

இரண்டும் ஷெல்ஃபில் இருந்தால் என் கை டெனெக்டெப்ளேஸுக்குத்தான் போகும், அதிலும் நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால். ஆம்புலன்ஸில் ஒரு மணி நேரச் சொட்டைக் காப்பது பெரும் பாடு. ஆனால் எஸ்.டி.கே. மட்டும்தான் இருக்கிறது என்றால், மற்றதை வாங்கி வரச் சொல்லி அரை மணி நேரம் காத்திருக்கவே கூடாது. எதைப் போட்டாலும் டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) பக்கத்தில் இருக்கட்டும், தசையில் ஊசி வேண்டாம், ரத்தம் கசியும். போட்ட நேரத்தை ரெஃபரல் சீட்டில் பெரிதாக எழுதுங்கள்; 60 முதல் 90 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டிய அடுத்த ஈ.சி.ஜி.க்கு அங்கே இருக்கும் சிஸ்டர் அந்த எண்ணைத்தான் முதலில் தேடுவார்.