சாம்பிள் அருமை, சரக்கு வேறு: சீனாவிலிருந்து தேன் பாட்டில் மூடி வாங்கி ஏமாந்த அனுபவம்

வெளிநாட்டிலிருந்து முதல் தடவையாகச் சாம்பிள் வரவழைக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். எனக்கு இதைச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை.

மார்த்தாண்டத்தில் சின்ன அளவில் தேன் பேக் செய்து விற்கிறோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், நானும் மனைவியும், வேலைக்கு இரண்டு பெண்கள், அவ்வளவுதான். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடுகிற நாட்களில்தான் எங்கள் பக்கம் பெட்டிகளில் தேன் நிறையும். ஜனவரியில் தொடங்கி ஏப்ரலோடு அது முடிந்துவிடும். சரக்கில் பாதி களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை கடைகளுக்குப் போகிறது. அந்தக் கடைக்காரர்கள்தான், அமுக்கினால் தேன் வரும், விட்டால் சொட்டாது என்கிற வகைப் பாட்டில் கேட்டார்கள். பாட்டில் இங்கேயே கிடைத்தது. உள்ளே சிலிக்கான் வால்வு வைத்த மூடிதான் நாங்கள் கேட்ட அளவில், கேட்ட விலையில் கிடைக்கவில்லை. அதனால் 2024 அக்டோபரில் இணையத்தில் ஒரு பெரிய வணிகத் தளத்தில் தேடினேன்.

ஒரு சீன நிறுவனம் உடனே பதில் போட்டது. "நாங்களே தயாரிப்பாளர்கள்" என்றார்கள், மெஷின் ஓடுகிற வீடியோ அனுப்பினார்கள். மூன்று சாம்பிளுக்கு 55 டாலர், கொரியருக்கு 95 டாலர், மொத்தம் 150. ஆர்டர் கொடுத்தால் சாம்பிள் பணத்தைக் கழித்துக்கொள்வோம் என்று சொன்னார்கள். அப்புறம் பேச்சை வாட்ஸ்அப்புக்கு மாற்றினார்கள். தளத்தின் வழியாகக் கட்டினால் கமிஷன் போகும், நேரே பேங்குக்கு அனுப்பினால் ஆர்டரில் விலை குறைத்துத் தருகிறோம் என்றார்கள். நானும் அனுப்பினேன். தளத்துக்குள்ளேயே கட்டியிருந்தால் தகராறு என்று ஒன்று பதிவு செய்யவாவது வழி இருந்திருக்கும். வெளியே அனுப்பிய அன்றே அது போய்விட்டது.

பணம் போன கணக்கு ஹாங்காங்கில், வேறொரு பெயரில் இருந்தது. கேட்டதற்கு, ஏற்றுமதிக்கென்று வைத்திருக்கும் கிளைக் கணக்கு என்றார்கள். நான்கு நாள் கழித்து, 22 டாலர் குறைவாக வந்திருக்கிறது, மறுபடி அனுப்புங்கள் என்று செய்தி. இடையில் இருக்கிற வங்கிகள் கட்டணம் பிடிப்பது உண்மைதான். எல்லாக் கட்டணத்தையும் அனுப்புகிறவரே ஏற்பதாகப் படிவத்தில் குறிக்க ஓர் இடம் இருக்கிறது, அதை முதலிலேயே கேட்டுக் குறியுங்கள். இங்கே வங்கிக் கட்டணம், மறுபடி அனுப்பியது எல்லாம் சேர்ந்து அந்த மூன்று மூடிகள் எனக்குப் பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டன.

கொரியர் வந்ததும் ஒரு தலைவலியோடுதான் வந்தது. கஸ்டம்ஸில் நிற்கிறது, கே.ஒய்.சி. (நம் அடையாள ஆவணங்கள்) கொடுங்கள் என்று போன். கொடுத்தேன். இன்வாய்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் "பிளாஸ்டிக் பரிசுப் பொருள், 5 டாலர்". நான் கட்டியது 150. "உங்களுக்கு வரி மிச்சமாகட்டும் என்றுதான்" என்றார்கள். இந்தியக் கஸ்டம்ஸ் முன்னால் அந்தத் தொகைக்குப் பதில் சொல்ல வேண்டியவன் இறக்குமதி செய்கிற நான். பேங்க் ரசீதைக் காட்டி, சரியான தொகையைச் சொல்லி எடுக்க ஒன்பது நாள் ஆனது. எனக்காக எங்கள் ஊர்க் கஸ்டம்ஸில் பொய் எழுதுகிறவன் என்னிடம் மட்டும் உண்மை பேசுவான் என்று நான் எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. ஆனால் பார்சலைப் பிரித்ததும் அதெல்லாம் மறந்துபோனது. மூடி அவ்வளவு நன்றாக இருந்தது. தேன் நிரப்பித் தலைகீழாக வைத்தேன், ஒரு சொட்டு விழவில்லை. மனைவி எடுத்துப் பார்த்து, "இது போதும்" என்றாள்.

அன்றைக்கே செய்திருக்க வேண்டியதை நான் செய்யவில்லை. எடை போட்டுக் குறித்து வைக்கவில்லை. மூடியைத் திருப்பி உள்ளே பார்க்கவில்லை.

ஜனவரி தொடக்கத்தில் அவசரப்படுத்த ஆரம்பித்தார்கள். 2025இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 29. அதற்கு முன்பே தொழிலாளிகள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், இப்போதே 30 சதவீதம் கட்டினால்தான் உங்கள் வேலை வரிசையில் ஏறும், இல்லாவிட்டால் மார்ச்தான் என்றார்கள். புத்தாண்டுக்கு அங்கே தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும் என்பது நிஜம். அதனால்தான் அந்த அவசரத்தை நான் சந்தேகப்படவில்லை. எனக்கோ தேன் வரத் தொடங்கும் நேரம். 10,000 மூடி, ஒன்று 14 சென்ட், மொத்தம் 1,400 டாலர். முன்பணம் 420 கட்டினேன். பிப்ரவரி கடைசியில் அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகளின் போட்டோ வந்தது, மீதி 980ஐயும் அனுப்பிவிட்டேன். சாம்பிள் பணம் 55 கழிக்கப்படவே இல்லை. தூத்துக்குடியில் இறக்கி, கிளியரிங், வரி எல்லாம் முடித்துச் சரக்கு வீட்டுக்கு வந்தபோது மார்ச் பாதி கடந்திருந்தது. மொத்தச் செலவு இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

பார்வைக்கு அதே மூடிதான். அதே மஞ்சள், அதே மடக்கு. 600 பாட்டில் நிரப்பி அனுப்பினோம்.

ஏப்ரலில் ஒரு காலை பாறசாலைக் கடைக்காரர் போன் செய்தார். "அண்ணா, ஒண்ணு வந்து நோக்கணும். ஷெல்ஃப் முழுவன் உறும்பாணு." போய்ப் பார்த்தேன். பாட்டில்கள் நின்ற இடத்தில் பலகை பிசுபிசுவென்று இருந்தது, சுவரிலிருந்து எறும்பு வரிசை. ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று வந்தது, தேன் மேல் நுரை. ரப்பர்த் தேனில் ஈரம் எப்போதுமே கூடுதல். சட்டப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாங்கள் சூடாக்கி அந்த அளவுக்குள் இறக்கித்தான் அடைக்கிறோம். காற்றுப் புகுகிற மூடியாக இருந்தால் தேன் மறுபடி ஈரத்தை இழுத்துக்கொண்டு புளிக்கத் தொடங்கிவிடும். இத்தனை வருடமாக எங்களுக்குத் தேன் கொடுக்கிற பெரியவர் ஒரு துளி நாக்கில் வைத்துவிட்டு, "மக்ளே, தேனு புளிச்சிட்டு. இது எனக்க தேனா?" என்று கேட்டார். போன பணத்தைவிட அந்தக் கேள்விதான் என்னை அதிகம் வருத்தியது.

அன்று இரவு பழைய சாம்பிளைத் தேடி எடுத்தேன். நல்லவேளை, ஒன்றை மனைவி அலமாரியில் போட்டு வைத்திருந்தாள். மறுநாள் குழித்துறையில் தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தோம். சாம்பிள் 8.4 கிராம், வந்த சரக்கு 6.1 கிராம். உள்ளே திருப்பிப் பார்த்தால் சாம்பிளில் மூடியை வார்க்கிற அச்சின் எண்ணும் சின்ன வட்டத்துக்குள் ஒரு குறியும் இருந்தன. சரக்கில் குறியே இல்லை, எண்ணின் எழுத்தும் வேறு. இரண்டு வால்வையும் பிய்த்து இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டினேன். சாம்பிள் வால்வு எரிந்து வெள்ளைச் சாம்பலாக உதிர்ந்தது. சிலிக்கான் அப்படித்தான் எரியும். சரக்கு வால்வு உருகிச் சொட்டுச் சொட்டாக விழுந்து கருகியது. அது சிலிக்கானே இல்லை.

அதாவது எனக்கு அனுப்பிய சாம்பிள் வேறு யாரோ செய்த மூடி.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண் சீனாவில் மருத்துவம் படித்தவள். அவர்கள் முன்பு அனுப்பிய உரிமப் படத்தை அவளிடம் காட்டினேன். அதில் தொழில் வகை என்ற இடத்தைப் படித்துவிட்டு, "மாமா, விற்பனை, ஏற்றுமதி இறக்குமதி என்றுதான் இருக்கு. தயாரிப்பு என்ற சொல்லே இல்லை" என்றாள். ஆறு மாதமாக அந்தப் படம் என் போனிலேயே இருந்தது. சீன நிறுவன உரிமத்தில் 18 எழுத்தும் எண்ணும் கொண்ட பதிவு எண் இருக்கும். பெயரும் அந்த எண்ணும் பணம் போகிற கணக்கின் பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று முதல் டாலர் போகும் முன்பே பாருங்கள். வியாபாரி என்றால் தப்பில்லை, வியாபாரி என்று சொல்லிவிட்டு வியாபாரம் செய்யலாம்.

சாம்பிள் விஷயத்தில் நான் இப்போது விடாப்பிடியாகச் செய்கிறது சில இருக்கின்றன. வந்ததும் எடை, அச்சு எண், எந்தப் பொருள் என்று எழுதி, போட்டோ எடுத்து, அந்த விவரத்தையே ஆர்டர் தாளில் சேர்க்கிறேன். ஒரே மாதிரி இரண்டு சாம்பிளில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஒன்று அவர்களிடம், ஒன்று என்னிடம். முன்பணம் கட்டும் முன்பு, மொத்தச் சரக்கு எந்த அச்சில் ஓடப்போகிறதோ அந்த அச்சிலிருந்து இன்னொரு சாம்பிள் கேட்கிறேன். இதற்குத் தயங்குகிறவர்களோடு பேச்சை நிறுத்திவிடுகிறேன். தேனை நிரப்பி ஒரு நாள் பார்ப்பதில்லை, பத்து நாள் தகரக் கூரைக்கு அடியில் தலைகீழாக வைத்துப் பார்க்கிறேன், அப்புறம் பைக்கில் கட்டிப் பாறசாலை வரை போய் வருகிறேன். உணவு படுகிற பொருள் என்பதால், பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் இறங்கும் பொருள்களின் அளவுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) வரம்பு வைத்திருக்கிறது, கிலோவுக்கு 60 மில்லிகிராம். அந்தப் பரிசோதனை அறிக்கையையும் கேட்கிறேன். மீதிப் பணம் கட்டும் முன்பு அங்கேயே ஓர் ஆய்வு நிறுவனத்தை அனுப்பிப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கச் சொல்ல முடியும். சில நூறு டாலர் ஆகும். எனக்கு அன்றைக்கு அது அதிகமாகத் தெரிந்தது.

அந்த நிறுவனத்துக்கு இரண்டு மூடியின் போட்டோவும் எடையும் அனுப்பினேன். அடுத்த ஆர்டரில் ஐந்து சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு செய்தி போவதே இல்லை. பாறசாலைச் சேட்டனுக்கும் மற்ற கடைகளுக்கும் பாட்டிலை மாற்றிக் கொடுத்துவிட்டோம். 9,400 மூடி ஷெட்டில் சாக்கோடு கிடக்கிறது. பழைய சாம்பிளையும் அதிலிருந்து ஒன்றையும் ஒரே டப்பாவில் போட்டு மேசை மேல் வைத்திருக்கிறேன். இந்த வகை மூடி இறக்குமதி செய்ய நினைக்கிறவர்கள் மார்த்தாண்டம் பக்கம் வந்தால் சொல்லுங்கள், இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம்.