வைரஸ் போயிற்று, விண்டோஸ் எழவில்லை: ரீஸ்டோரா, ரிப்பேரா, ஃபார்மட்டா?

ஆன்ட்டிவைரஸ் மால்வேரை நீக்கிவிட்டது, ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் வரவில்லை. கடையில் கேட்டால் "ஃபார்மட் போட்டுடலாம்" என்பார்கள். சில நேரம் அதுதான் சரி. ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் செய்யத் தேவையில்லை.

எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். சில மால்வேர்கள் விண்டோஸின் டிரைவர் கோப்புக்குள்ளேயே புகுந்துவிடும். அலுரியான் என்ற ரூட்கிட் (சிஸ்டத்துக்குள் ஆழமாக ஒளிந்துகொள்ளும் மால்வேர்) அப்படித்தான் செய்தது. 2010 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் கொடுத்த அப்டேட்டைப் போட்டதும், அந்த ரூட்கிட் தொற்றியிருந்த கணினிகள் நீலத்திரையில் நின்றன. வேறு சில மால்வேர்கள், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) யூசர்இனிட் என்ற பதிவில் தம் கோப்பின் பெயரை எழுதி வைக்கும். கோப்பை அழித்துப் பதிவைத் திருத்தாமல் விட்டால், பாஸ்வேர்டு போட்டதும் உள்ளே போய், உடனே லாக்ஆஃப் ஆகிவிடும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பூட் தொடர்ந்து தோற்றால் மீட்புத் திரை தானாக வரும். அங்கே பலரும் முதலில் அழுத்துவது ஸ்டார்ட்அப் ரிப்பேர். பூட் பதிவுகள் கெட்டிருந்தால் அது உதவும். மேலே சொன்ன யூசர்இனிட் கோளாறுக்கு அதை நம்ப முடியாது. என் முதல் தேர்வு சிஸ்டம் ரீஸ்டோர். ரெஜிஸ்ட்ரியும் சிஸ்டம் கோப்புகளும் சேர்ந்தே பழைய நிலைக்குத் திரும்பும், உங்கள் படங்களையும் ஆவணங்களையும் தொடாது. ஆனால் ரீஸ்டோர் பாயின்ட், அதாவது விண்டோஸ் முன்பே சேமித்து வைத்த பழைய நிலை, இருந்தாக வேண்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் பலவும் அதைத்தான் முதலில் அழிக்கும். தொற்றுக்கு முந்தைய தேதியாகவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் நீக்கிய மால்வேரே திரும்பி வரும்.

ரீஸ்டோர் பாயின்ட் இல்லையா? மீட்புத் திரையில் உள்ள கமாண்ட் பிராம்ப்ட்டில், சிஸ்டம் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி என்ற கருவியை ஆஃப்லைனாக (விண்டோஸ் ஓடாதபோதே) ஓட்டலாம். கெட்டுப்போன சிஸ்டம் கோப்பை மாற்றித் தரும், ரெஜிஸ்ட்ரியைத் திருத்தாது. மீட்புத் திரையில் சி டிரைவ் வேறு எழுத்தில் தெரியலாம், விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

அடுத்தது ரீசெட். 'கோப்புகளை வைத்துக்கொள்' என்றால் ஆவணங்கள் தங்கும், நீங்கள் நிறுவிய புரோகிராம்கள் போய்விடும். அதில் விண்டோஸை இணையத்திலிருந்து புதிதாக இறக்கும் கிளவுட் டவுன்லோடு நல்லது. லோக்கல் முறை, இருக்கிற கோப்புகளை வைத்தே விண்டோஸைக் கட்டும். அவையே கெட்டிருந்தால் பயனில்லை.

ரூட்கிட்டோ, பாஸ்வேர்டு திருடும் மால்வேரோ வந்திருந்தால் ரிப்பேர், ரீசெட் எதுவும் வேண்டாம், ஃபார்மட்தான். சுத்தமான வேறொரு கணினியில் 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றி, சிஸ்டம் இருந்த டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்துவிட்டுப் போடுங்கள். அதற்கு முன் லினக்ஸ் லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) பூட் செய்து படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுங்கள், செட்டப் கோப்புகளை எடுக்காதீர்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று மொபைலில் பார்த்துக்கொள்ளலாம். அப்படியே மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளையும் மொபைலிலேயே மாற்றிவிடுங்கள்.